நோயுற்றார் அருகில் உபாசகன்



மைசூர் நகரின் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டின் பூக்கடைகளைத் தாண்டிச் சயாஜி ராவ் சாலை வழியே நடப்பவர், சிறிது நேரத்திற்குள் மூன்று வகை வைத்தியங்களைக் கடந்து விடுகின்றனர். கயிறும் எலுமிச்சம்பழமும் வாங்கிக் கண்ணேறு கழிப்பார் கடைத்தெருவில் உண்டு. 1908ஆம் ஆண்டில் தோன்றிய அரசினர் ஆயுர்வேதக் கல்லூரி சாலையோரத்தில் நிற்கிறது. ஊரார் பெரியாஸ்பத்திரி என்றே வழங்கும் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் அண்மையில் உள்ளது. மனம் நொந்த ஒருவரை அவருடைய சுற்றத்தார் இம்மூன்று வாயில்களுக்கும் மாறி மாறி அழைத்துச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். இப்போது நான்காவது வாயில் ஒன்றும் திறந்திருக்கிறது. கவுன்சலிங் என்று பொதுவில் வழங்கும் ஆற்றுப்படுத்தற்கலையே அது.

நம்மவருள் இளைஞர் சிலர் உளவியலும் சமூகப்பணியும் பயின்று அக்கலையில் புகுந்துள்ளனர். சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் அவர்கள் எழுப்பிய வினா வருமாறு: நாம் திரிசரணம் ஏற்றவர்கள், நம் தருமத்தைத் துன்புற்றார் முன்னே கொண்டு செல்லலாமா? செல்லலாம் எனின், எவ்வளவு, எப்பொழுது, யாரிடம்? இப்பாடம் அவ்வினாவுக்கு விடையாக எழுதப்பட்டது.

ஆற்றுப்படுத்தல் என்னும் சொல்லை முதற்கண் நோக்குக. பரிசில் பெற்று மீளும் பாணன் வழியிடையே வறிய பாணனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை. சொல்பவன் வழியறிந்தவன், ஆயினும் நடக்க வேண்டியவன் மற்றவன். வந்தவனைத் தோளிற் சுமந்து செல்வதும் பிடரியைப் பிடித்துத் தள்ளுவதும் ஆற்றுப்படுத்தல் ஆகா. பின்னர்ச் சொல்லப்போவன பலவும் இதனுள் அடங்கும்.

மைசூருக்கு இக்கல்வி புதிதன்று. 1924ஆம் ஆண்டிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றிற்று. அதனை நடத்திய பேராசிரியர் எம். வி. கோபாலசாமி இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் அறிஞரிடம் பயின்றவர். 1935இல் தம் இல்லத்தில், ஆகாசவாணி என்று வழங்கிய ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவியவரும் அவரே. மனத்தை ஆராய்ந்தவர் ஊராரின் செவியையும் நாடினார் என்பது எனக்கு எப்பொழுதும் இனிக்கும் செய்தி. பின்னர், 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் எழுந்தது; 1974இல் அதுவே நிம்ஹான்ஸ் என்னும் பெருநிலையமாயிற்று.

நீண்ட காலம் இத்தகைய நிலையங்களின் பாடப்புத்தகங்கள் சமய நம்பிக்கையை ஒதுக்கியே வைத்தன. அதனை ஒரு நோய்க்குறி போலக் கருதிய ஆசிரியரும் இருந்தனர். இன்று நிலைமை மாறியுள்ளது. உலக மனநல மருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட நிலைப்பாட்டறிக்கை, நோயாளியின் சமய நம்பிக்கையைக் கேட்டறிவது மருத்துவக் கடமையின் ஒரு பகுதி என்கிறது. அதே அறிக்கை, மருத்துவர் தம் பதவியைக் கொண்டு மதம் பரப்பலாகாது என்றும், மதமின்மையைப் பரப்புவதும் அவ்வாறே தகாது என்றும் விதிக்கிறது. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஒருவர் தம் சமூகத்தில் வழங்கும் சமய நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் உண்டு என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. மதம் மாறிய நம் தாத்தா பாட்டிமாரைப் பித்தர் என்று ஊரார் நகைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த விதியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, நம் பிடகங்கள் இதுபற்றி யாது கூறுகின்றன எனக் காண்போம். சங்யுத்த நிகாயத்தில் சாக்கியனாகிய மகாநாமன் கபிலவத்துவில் பகவரை அணுகி, நோயுற்ற ஓர் அறிவுடைய உபாசகனை மற்றோர் உபாசகன் எவ்வாறு தேற்ற வேண்டும் என வினவுகிறான். வினவுபவன் இல்லறத்தான், தேற்ற வேண்டியவனும் இல்லறத்தானே. ஆகவே நம் மாணவர்க்கு இதனினும் நேரான பாடம் வேறில்லை. ததாகதர் முதலில் நான்கு ஆறுதல்களைச் சொல்லுகிறார். புத்தர்பாலும் தருமத்தின்பாலும் சங்கத்தின்பாலும் உனக்கு அசையாத தெளிவு உண்டு, சீலமும் உண்டு என்று நோயுற்றவனுக்கு நினைவூட்ட வேண்டும். அதன் பின்னரே, தாய் தந்தையரைக் குறித்து ஏக்கம் உண்டா, மனைவி மக்களைக் குறித்து ஏக்கம் உண்டா எனப் படிப்படியாகக் கேட்டுச் செல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க. நோயுற்றவனிடம் முன்னரே இருப்பதைத்தான் நினைவூட்டச் சொன்னார். இல்லாத ஒன்றை அந்நேரத்தில் நுழைக்கச் சொல்லவில்லை. தேற்றுபவன் எவ்வளவு பெரிய பக்திமானாயினும் அவனுடைய நம்பிக்கை அங்கே மருந்தாவதில்லை. படுத்திருப்பவனின் நம்பிக்கையே மருந்தாகிறது. இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு யாதெனின், படுத்திருப்பவர் மாரியம்மனை நம்புபவராயின் அவருக்கு ஆறுதல் அவ்வழியிலும், அல்லாவை நம்புபவராயின் அவ்வழியிலுமே தொடங்கும் என்பதே. இதனை ஏற்காதாரும் நம்முள் உளர் என்பதை அறிவேன். அவர்களுக்குரிய விடை சற்றுப் பின்னே வரும்.

அங்குத்தர நிகாயத்தில் நோயாளியைப் பேணுவோனுக்குரிய ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன. மருந்து ஆயத்தம் செய்யத் தெரிதல். ஏற்றது ஏலாதது அறிந்து ஏற்றதைக் கொணர்தல். ஊதியம் கருதாது அன்பினால் பேணுதல். மலசலம், வாந்தி, சளி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை. ஐந்தாவதாக, அவ்வப்பொழுது தரும உரையால் மனத்தைத் தெளிவித்தல். தரும உரை ஐந்தாவது இடத்தில் நிற்பதையும், அதுவும் உரிய காலங்களில் மட்டும் என வரையறுக்கப்பட்டிருப்பதையும் நம் மாணவர் குறித்துக்கொள்க. முதல் நான்கையும் செய்யாதவன் ஐந்தாவதற்குத் தாவுதல் கூடாது. ஆலவி நகரத்து உழவன் கதையிலும் இம்முறையே காணப்படும். காணாமற்போன எருதைத் தேடியலைந்து பசியோடு வந்தவனுக்கு முதலில் சோறு இடச் செய்து, அவன் உண்ட பின்னரே பகவர் தருமம் உரைத்தார் என்று தம்மபத உரை கூறுகிறது.

நகுலமாதாவின் வரலாற்றை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. கணவராகிய நகுலபிதா கடும் நோயுற்றுக் கிடக்கிறார். அவர் மனம் எதனைப் பற்றிக் கலங்குகிறது என்பதை அவள் அறிவாள். அவள் எடுத்த எடுப்பில் நிலையாமையைப் பேசவில்லை. எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், உமக்குப் பின் பிள்ளைகளைக் காப்பாற்றி இல்லத்தை நடத்துவேன், ஏக்கத்தோடு உயிர் விடாதீர் என்னும் கருத்தையே முதலில் சொல்கிறாள். தன் சீலத்தையும் தருமத்தில் தனக்குள்ள உறுதியையும் பின்னரே எடுத்துரைக்கிறாள். நகுலபிதா நோய் நீங்கிக் கோலூன்றிப் பகவரிடம் செல்ல, இத்தகைய மனைவியை அறிவுரையாளராகப் பெற்றது உமக்குப் பெரும்பேறு என அவர் பாராட்டினார். நம் ஆகமங்களில் காணும் சிறந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவர், நூல் நூற்கத் தெரிந்த குடும்பத்துப் பெண் என்பதை மறவற்க. அரிசிக்கும் வாடகைக்கும் வழி யாது என்பதைப் பேசாத ஆறுதல், நம் தெருக்களில் ஆறுதலே ஆகாது.

இத்தனையும் எழுதுகின்ற நான் ஒருகாலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் மார்க்கெட்டுக்குப் பூத் தொடுத்துக் கொடுக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சிறு குழந்தை இறந்துபோயிற்று. மூன்றாம் நாள் சென்றேன். அந்த அம்மையார் மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு, தொடுக்காமலே அமர்ந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிசா கோதமியின் கதை. ஆதலின் அதனைச் சொன்னேன். கடுகு தேடிச் சென்றதையும், இறப்பு நேராத வீடு கிடையாமையையும், பிறந்தார் யாவரும் இறப்பர் என்பதையும் நன்றாகவே சொன்னேன் என்று எண்ணுகிறேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அண்ணே, ஊரெல்லாம் பிள்ளை சாகுதுன்னா, என் பிள்ளை செத்தது ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைக் கூட அவர் காசு பெறாமல் கொடுத்தார்.

என் பிழை யாதென்பது பின்னரே விளங்கிற்று. பகவர் கோதமிக்கு அந்த முடிவைச் சொல்லவில்லை. அவளை வீடு வீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாயிலிலும் அவள் தன் பிள்ளையைக் குறித்துச் சொல்லியிருப்பாள்; ஒவ்வொரு வாயிலிலும் வேறொருத்தி தன் இழப்பைச் சொல்லியிருப்பாள். பொழுது சாயும்வரை அவள் நடந்தாள். பிள்ளையின் உடலை விடுவதற்கு அவளே ஆயத்தமானாள். நானோ அந்த நடையை வழங்காமல், கதையின் முடிவை மட்டும் எடுத்து அவ்வம்மையார் தலையில் வைத்தேன். அந்தக் குழந்தையின் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. துன்புற்றவரை நோக்கி, இது உன் முற்பிறவிக் கர்மம் என்று சொல்வதே அது. மற்றையோர் சொல்லினும் நாம் சொல்லலாகாது. நம் முன்னோர் சேரியில் பிறந்ததற்கும், கிணற்றில் நீர் மொள்ள விடாமல் தடுக்கப்பட்டதற்கும் இதே காரணத்தைத்தான் காட்டினார்கள். அந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவே அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு திரிசரணம் ஏற்றார். முற்பிறவிக் கர்மம் என்னும் கொள்கை, ஏழைகளின் நிலைக்குச் சமூகமும் அரசும் பொறுப்பேற்காமல் தப்பிக்கவே உதவும் என அண்ணல் தம் இறுதி நூலில் கண்டித்துள்ளார். அந்தக் கொள்கையை வெளி வாயிலில் துரத்திவிட்டு, ஆறுதல் என்னும் பெயரால் கொல்லை வாயிலில் அழைத்து வருவது முறையோ?

பிடகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இராசகிருகத்தில் பகவரைக் கண்டு, மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவனவே என்று சிலர் கூறுவது சரியா என வினவுகிறான். பகவர் எட்டுக் காரணங்களை எண்ணுகிறார். பித்தம், ஐ, வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பேணுகை, பிறரால் நேரும் தாக்குதல், இறுதியாக வினைப்பயன். யாவும் முன்வினை என்பார், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மை என அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் முடிவு. எட்டில் ஏழு காரணங்கள் இப்பிறப்பிலேயே கண்டறியத்தக்கவை. பண்டிதர் சித்த வைத்தியராகவும் விளங்கியவர். வாத பித்த ஐயங்களை நாடி பிடித்துப் பார்த்த கை அவருடையது. நம் மாணவரும் அவ்வாறே உடலையும், உறக்கத்தையும், வீட்டில் நடக்கும் அடி உதையையும், கடனையும், சாதி அவமதிப்பையும் முதலில் கேட்டறிக.

இனி ஒரு பயிற்சி. நம்மவர் ஒருவர், நாற்பது வயதினர், தீட்சை பெற்றுச் சில ஆண்டுகள் ஆயின. அம்மன் படத்தை வீட்டினின்று அகற்றிவிட்டார். மகன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்தது. குலதெய்வத்தைக் கைவிட்டதனால் வந்த வினை இது என்று அவருடைய தாயார் அழுகிறார். அவருக்கோ உறக்கம் போயிற்று; இரவில் அம்மன் வாயிலில் நிற்பதாகத் தோன்றுகிறது. அவர் உங்கள் முன் வந்து அமர்கிறார். என் செய்வீர்?

தெய்வமே இல்லை, அச்சம் எதற்கு என்று ஒருவர் சொல்லக்கூடும். அது வாதத்தில் வெல்லும். அன்றிரவும் அவர் உறங்கமாட்டார். பரித்தம் ஓதினால் அம்மன் ஓடிவிடுவாள் என்று மற்றொருவர் சொல்லக்கூடும். அது ஒரு கயிற்றை அவிழ்த்து மற்றொரு கயிற்றைக் கட்டுவதாகும். அச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் எத்தனை நாளாக உறக்கமில்லை, உணவு செல்கிறதா, குரல்கள் கேட்கின்றனவா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். தற்கொலையைப் பற்றிக் கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். பின்னர், சிறு வயதில் அந்த அம்மன் கோயிலில் என்ன கண்டீர், யாரோடு சென்றீர் எனக் கேளுங்கள். என் அநுபவத்தில், அச்சத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் அம்மனல்லள், அன்னையே. தருமத்தை ஏற்றதனால் தாயை இழந்துவிட்டோமோ என்னும் கலக்கமே இரவில் வாயிலில் வந்து நிற்கிறது. அது வெளிப்பட்ட பின்பு, அவர் விரும்பினால் மட்டும், திரிசரணத்தை அவரோடு அமர்ந்து சொல்லுங்கள். அது அவருக்கு உரியது, அப்பொழுது மருந்தாகும்.

அந்தத் தாயார் பேரனுக்காகப் பொங்கலிட விரும்பினால் என் செய்வது? இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்றவர்களுக்கு இவ்விடத்தில் மனம் இடறும். பழைய தெய்வங்களை வணங்கேன் என்னும் உறுதி என் கைக்கும் என் மனத்துக்கும் உரியது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்வேன் என்பதும் அதே உறுதிமொழிகளுள் ஒன்றன்றோ! என் கை அந்தப் பானையில் அரிசி இடாது; அவர் கையை நான் தடுக்கவும் மாட்டேன். ஆற்றுப்படுத்தும் அறையில் ஒருவரைப் பௌத்தராக்க முயல்வது, அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும். நம்மை யாரும் இயலாமையில் பிடித்து மாற்றவில்லை; நாம் சிந்தித்து வந்தவர்கள். அம்மதிப்பைப் பிறருக்கும் அளிப்போம். முன்னே சொன்ன ஐயத்திற்கு என் விடை இதுவே.

முறைகளைப் பற்றிச் சிறிது. மஜ்ஜிம நிகாயத்தில், மனத்தில் திரும்பத் திரும்ப எழும் தீய எண்ணங்களை நீக்க ஐந்து வழிகள் கூறப்படுகின்றன. வேறொரு நல்லெண்ணத்தை வைத்தல், தீங்கை ஆராய்தல், கவனியாது விடுதல், எண்ணத்தின் விசையைப் படிப்படியாகத் தணித்தல், இறுதியில் பல்லைக் கடித்து அடக்குதல். இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளவியலறிஞர் பத்மல் டி சில்வா, 1980களில் இவ்வைந்தையும் இக்கால நடத்தைச் சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டு எழுதினார். ஐந்தாவது வழி ஏனைய நான்கும் தோற்ற பின்னரே உரியது. புதியவர் பலர் அதிலேயே தொடங்கி நோயாளியைக் களைப்புறச் செய்கின்றனர்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நினைவுடைமைப் பயிற்சியைத் தொடங்கினார். மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வுக்கு அதனைப் பயன்படுத்தும் முறையைச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் மூவர் 2002இல் நூலாக்கினர். நம் சதிபட்டானத்தைப் பெயர் நீக்கி எடுத்துச் சென்றனர் என்று சிலர் குறைப்படுகின்றனர். எனக்கு அக்குறை இல்லை. மூச்சைக் கவனிக்கப் பிற சமயத்தார்க்கும் உரிமை உண்டு. ஆனால் கடும் சித்தப்பிரமையில் இருப்பவரையும், கொடிய நிகழ்ச்சியின் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுபவரையும் மருத்துவரின் கருத்தறியாமல் கண்மூடி அமரச் செய்யற்க.

நம்பிக்கையின் ஆற்றலையும் எல்லையையும் தமிழ்நாட்டிலேயே காணலாம். நிம்ஹான்ஸ் நிலையத்து மருத்துவர் ரகுராமும் குழுவினரும் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான அச்சூழலே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. இதற்கு முந்திய ஆண்டில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். ஆதரவு இருந்த இடத்தில் நம்பிக்கை உதவிற்று. சங்கிலி இருந்த இடத்தில் அது யாரையும் காக்கவில்லை. ஆகவே குரல் கேட்பவரையும், உயிரை மாய்க்க எண்ணுபவரையும், பல நாள் உண்ணாதவரையும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசினர் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணை மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்க. கன்னட நாட்டில் வாழும் நம் முதியோர் பலர் துன்பத்தைத் தமிழில் மட்டுமே சொல்ல வல்லவர். மருத்துவரிடம் உடன்சென்று மொழிபெயர்ப்பதும் ஆற்றுப்படுத்தலின் பகுதியே.

வரும் பௌர்ணமிக்குள் மாணவர் ஒவ்வொருவரும் துன்பமுற்ற ஓர் இல்லத்திற்குச் சென்று ஒருமணி நேரம் அமர்ந்து வருக. தருமத்தைப் பற்றித் தாமாக ஒரு சொல்லும் சொல்லற்க. திரும்பிய பின், அவர்கள் சொன்னவற்றை அவர்கள் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுக. பெயரும் அடையாளமும் எழுத வேண்டா. இறந்தவர் உண்டாயின் அவரைப் பற்றி வீட்டார் சொன்ன ஏதேனும் ஒரு சிறு செய்தி, எதைக் கண்டு சிரிப்பார், எதை விரும்பி உண்பார் என்பது போன்றது, அத்தாளில் இருத்தல் வேண்டும். தாளில் உங்கள் சொற்கள் மூன்று வரிக்கு மேற்பட்டிருப்பின், மீண்டும் ஒருமுறை அவ்வில்லத்திற்குச் சென்று வருக. அடுத்த கூட்டத்தில் அத்தாள்களை வைத்துக்கொண்டே பாடத்தைத் தொடர்வோம்.